மூடுபனிக்கு மேலே ஒரு நாள்: சுவிஸ் இலையுதிர் காலத்தில் பனி விழுந்த முகடுகளில் நடக்க ஒரு வழிகாட்டி

அக்டோபர் நடுவிலிருந்து சூரிச், பேர்ண், ஆராவ் பக்கமெல்லாம் காலையில் சாம்பல் நிற மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும். சில நாட்களில் மத்தியானம்கூட விலகாது. வேலைக்குப் போய் வருகிறவர்கள் வாரம் முழுக்கச் சூரியனைக் காணாமலே இருப்பார்கள். ஆனால் ரயிலும் கேபிள் காரும் பிடித்து 1500 மீட்டருக்கு மேலே போனால் நீல வானமும் வெயிலும் புதிதாய் விழுந்த பனியும் இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. யூரா மலைகளுக்கும் ஆல்ப்ஸுக்கும் நடுவே உள்ள தாழ்நிலத்தில் அது தேங்கி நிற்கும். அதனால் இந்த மாதங்களில் மலை முகட்டில் சூரிச்சைவிட வெப்பம் அதிகமாக இருக்கும் நாட்கள் பல வரும்.

நம் தமிழர்களில் பலர் சுவிஸில் இருபது, முப்பது வருடங்களாக இருக்கிறார்கள். கோடையில் மலைக்குப் போகிறார்கள். உறவினர் வந்தால் யுங்ஃப்ராவுக்கு அழைத்துப் போகிறார்கள். ஆனால் செப்டம்பர் முடிந்ததும் சப்பாத்தை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மலை மிகவும் அழகாக இருக்கும் காலத்தை அப்படித் தவறவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை. கோடையில் மலைப்பாதைகளில் நடந்து பழகி, பனியில் இன்னும் நடக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கயிறு, பனிக்கோடரி எதுவும் வேண்டாம். காலையில் ரயில் ஏறி மாலையில் வீடு திரும்பும் நடைகள் இவை.

1. இந்தக் காலத்துப் பனி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பனி என்றால் ஆழம்தான் ஆபத்து என்று நினைக்கத் தோன்றும். இலையுதிர் காலத்தில் மெல்லிய பனிதான் அதிகம் ஏமாற்றும். ஜனவரியில் முகட்டில் ஒரு மீட்டர் பனி இறுகிக் கிடக்கும், அதில் மிதிபட்ட தடமும் இருக்கும். அக்டோபரில் விழுவது ஐந்து, பத்து சென்டிமீட்டர்தான். அதற்கு அடியில் இறுகிய தளம் எதுவும் இல்லை, நீளமான ஈரப் புல்தான் இருக்கிறது. செங்குத்தான சரிவுகளில் மாடு மேயாத புல் நீண்டு வளர்ந்து, பனியின் பாரத்தில் சரிவின் திசையிலேயே படுத்துவிடும். அதன்மேல் கால் வைப்பது எண்ணெய் தடவிய பலகையில் நிற்பது மாதிரி. வழுக்கினால் நடுவில் தடுத்து நிறுத்த ஒன்றும் இருக்காது.

அதே புல்லால் இன்னொரு சிக்கலும் வரும். ஒரே இரவில் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் கொட்டினால், படுத்த புல்மேல் பனி முழுப் படலமாகவே கீழே நழுவக்கூடும். நிலம் இன்னும் கோடையின் சூட்டைக் கொஞ்சம் வைத்திருப்பதால் அடிப்பக்கம் ஈரமாகி நழுவுவது எளிதாகிறது. 30 பாகைக்கு மேல் சரிந்த புல்வெளிகளை இப்படிப்பட்ட நாட்களில் தவிர்த்துவிடுங்கள். பனிச்சரிவு என்பது குளிர்கால விஷயம் மட்டும் இல்லை.

மூன்றாவது விஷயம் நிழல். ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் இங்கே சுமார் 66 பாகை உயரத்தில் நிற்கும். நவம்பர் நடுவில் அது 25 பாகைக்கு மேல் ஏறாது. அதைவிடச் செங்குத்தான வடக்குச் சரிவில் நாள் முழுக்க நேர் வெயில் ஒரு துளியும் படாது. ஒரே முகட்டின் தெற்குப் பக்கத்தில் பனி உருகி மண் தெரியும்போது, பத்து மீட்டர் தள்ளி வடக்குப் பக்கத்தில் பாதை கண்ணாடியாக உறைந்திருக்கும். வரைபடத்தைப் பார்க்கும்போது இந்தப் பாதை எந்தப் பக்கம் போகிறது என்றுதான் நான் முதலில் தேடுவேன். உயரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. பாதையின் நிறத்தைப் பாருங்கள், அப்புறம் முகட்டைத் தேர்ந்தெடுங்கள்

சுவிஸில் பாதைகளுக்கு நிறம் உண்டு. வெறும் மஞ்சள் பலகை என்றால் சாதாரண நடைபாதை. மஞ்சள் பலகையின் முனையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை இருந்தால் மலைப்பாதை. அங்கே சில இடங்கள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், கால் உறுதியாக இருக்கவேண்டும். நீலப் பலகையில் வெள்ளை-நீலம்-வெள்ளை இருந்தால் ஆல்ப்பைன் பாதை. அது இந்தக் கட்டுரையைப் படிக்கும் யாருக்கும் பனியில் வேண்டாம். இளஞ்சிவப்புப் பலகைகள் குளிர்கால நடைபாதைகளுக்கானவை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மஞ்சளும் சிவப்பும் பனி இல்லாத காலத்துக்காகப் போடப்பட்டவை. பனி விழுந்ததும் அந்தப் பாதைகளை யாரும் துப்புரவாக்கி வைப்பதில்லை. கோடையில் சுலபமான வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பாதை, பத்து சென்டிமீட்டர் பனியில் ஒரு படி கடினமாகிவிடும். அதனால் கோடையில் உங்களுக்குச் சலிப்புத் தரும் அளவுக்குச் சுலபமான பாதையையே முதல் பனி நடைக்கு எடுங்கள்.

முதல் நடைக்கு நான் ரிகியைத்தான் சொல்வேன். லுசேர்ன் ஏரிக்கும் சூக் ஏரிக்கும் நடுவே தனியாக நிற்கும் மலை அது. உச்சியான ரிகி கூல்ம் 1798 மீட்டர். வித்ஸ்னாவிலிருந்து மேலே போகும் பற்சக்கர ரயில் 1871-இல் ஓடத் தொடங்கியது. ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் அதுதான். ஆண்டு முழுவதும் ரயில் ஓடுவது நமக்குப் பெரிய வசதி. மற்ற இடங்களில் கேபிள் கார் நிற்கும் நவம்பரிலும் ரிகிக்குப் போகலாம். ஜெனரல் அபோ என்ற, நாடு முழுக்கச் செல்லும் பயண அட்டை வைத்திருப்பவர்களுக்கு மேலே போகத் தனி டிக்கெட்டும் வேண்டாம்.

ரிகியில் இரண்டு நடைகள் உண்டு. கூல்மிலிருந்து ஷ்டாஃபல் வழியாகக் கென்ஸ்லி என்ற காட்சி முனைக்கு இறங்கி, கால்ட்பாத் நிலையத்தில் முடிப்பது ஒன்று. அகலமான பாதை. கென்ஸ்லியில் நின்றால் ஏரி நேர் கீழே தெரியும், அல்லது மூடுபனி ஏரியை மூடியிருக்கும். இரண்டுமே பார்க்கவேண்டிய காட்சிதான். மற்றொன்று கால்ட்பாத்திலிருந்து ஷைடெக் வரை சுமார் ஏழு கிலோமீட்டர். 1870-களில் அங்கே ஒரு சிறு ரயில் பாதை போட்டார்கள். 1931-இல் ரயில் நின்றுபோனது. தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், பாதை மட்டும் நடக்கிறவர்களுக்கு மிஞ்சியது. ரயிலுக்காக வெட்டிய பாதை என்பதால் ஏற்றம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். பழைய பாலமும் சிறு சுரங்கமும்கூட வழியில் உண்டு. நாள் தெளிவாக இருந்தால் பேர்ண் மலைகள் வரை பனி முடி சூடிய சிகரங்கள் வரிசையாகத் தெரியும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போவதாக இருந்தால், கூல்ம் நிலையத்தில் இறங்கி உச்சி வரை போகும் கொஞ்ச தூரமே அவர்களுக்குப் போதும். பனியை முதல்முறை தொட்டுப் பார்ப்பவர்களுக்கு அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

இரண்டாவது, துன் ஏரிக்கு மேலே உள்ள நீடர்ஹார்ன், 1963 மீட்டர். இன்டர்லாக்கனிலிருந்து பேருந்தில் பேயாட்டன்பேர்க் போய் அங்கிருந்து கோண்டோலா. மேலே இறங்கியதும் ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ரா மூன்றும் ஏரிக்கு அப்பால் எதிரே நிற்கும். அங்கிருந்து முகடு வடகிழக்காக புர்க்ஃபெல்ட்ஷ்டாண்ட் வழியே 2061 மீட்டர் உயர கெம்மனால்ப்ஹார்ன் வரை போகிறது. ஷ்டைன்பாக் என்ற மலையாடுகள் இந்தப் பக்கம் நிறைய. வளைந்த பெரிய கொம்புடன் பாதைக்குப் பக்கத்திலேயே நிற்கும். அமைதியாக இருந்தால் ஓடாது. ஆனால் இந்த முகட்டின் ஒரு பக்கம் யுஸ்டிஸ்டால் பள்ளத்தாக்குக்குள் செங்குத்துப் பாறையாக இறங்குகிறது. அந்த விளிம்பிலிருந்து எப்போதும் தள்ளியே நடங்கள். புதியவர்கள் கெம்மனால்ப்ஹார்ன் வரை போய்த்தான் ஆகவேண்டும் என்றில்லை. முதல் அரை மணி நேர நடையிலேயே இந்த இடத்தின் முழு அழகும் கிடைத்துவிடும். பனி கணுக்காலைத் தாண்டினால் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, வலே மாநிலத்தின் அலெட்ச் பக்கம். இங்கே பனி மட்டும் இல்லை. லேர்ஷ் மரம் ஊசியிலை மரம்தான், ஆனால் மற்ற ஊசியிலை மரங்கள் போல இல்லாமல் இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி உதிரும். அக்டோபர் நடுவிலிருந்து மாத முடிவு வரை ரீடரால்ப் பக்கச் சரிவுகள் முழுக்கப் பொன்னாக இருக்கும். அதன் நடுவே முதல் பனி. மறுபக்கம் இருபது கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் அலெட்ச் பனியாறு, ஆல்ப்ஸிலேயே மிகப் பெரியது. இந்தப் பகுதி 2001-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பனியாற்றை ஒட்டிய அலெட்ச் காடு 1933 முதலே பாதுகாக்கப்பட்ட காடு. அங்கே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வயதான ஆர்வே பைன் மரங்கள் நிற்கின்றன.

பிரிக் நகரிலிருந்து சிவப்பு ரயிலில் மோரெல், அங்கிருந்து கேபிள் காரில் கார்களே இல்லாத ரீடரால்ப் கிராமம், பிறகு கோண்டோலாவில் 2333 மீட்டர் உயர மோஸ்ஃப்ளூ. அங்கிருந்து முகட்டின் மேலேயே ஹோஃப்ளூ வழியாக ரீடர்ஃபுர்கா வரை இறங்கிவாருங்கள். இரண்டு மணி நேர நடைதான், பெரும்பாலும் இறக்கம். வலது பக்கம் முழு நேரமும் பனியாறு தெரிந்துகொண்டே இருக்கும். இடது பக்கம் வானம் தெளிந்திருந்தால் மேட்டர்ஹார்ன் தெரியும். ரீடர்ஃபுர்காவில் இருக்கும் வில்லா கசல், 1902-இல் எர்னஸ்ட் கசல் என்ற ஆங்கிலேய வங்கியாளர் கட்டிய கோடை மாளிகை. வின்ஸ்டன் சர்ச்சில் இளமையில் அங்கே வந்து தங்கியிருக்கிறார். பாதையை விட்டுப் பனியாற்றுப் பக்கம் இறங்கவேண்டாம். பனியாறு உருகிச் சுருங்கியதால் தாங்கல் இழந்த மோஸ்ஃப்ளூ சரிவு 2016 இலையுதிர் காலத்தில் பெரிதாக நகர்ந்தது, அந்தப் பக்கப் பாதைகள் மூடப்பட்டன. மூடிய பாதைப் பலகை கண்ணில் பட்டால் மறுபேச்சு வேண்டாம்.

சமூக ஊடகங்களில் எல்லோரும் படம் போடும் முகடு இவை எதுவும் இல்லை. அது ஸ்டோஸ். உலகிலேயே மிகச் செங்குத்தான ஃபுனிகுலரில், அதாவது கம்பியால் இழுக்கப்படும் மலை ரயிலில் ஏறிப்போய், கிளிங்கன்ஸ்டாக்கிலிருந்து ஃப்ரோனால்ப்ஸ்டாக் வரை முகட்டின் கூர் மேலேயே நடப்பது. கோடையில் அருமையான நடை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் செங்குத்தான புல். மேலே நான் சொன்ன மெல்லிய பனிக்கு இதைவிட மோசமான இடம் இல்லை. பனி விழுந்த பிறகு புதியவர்கள் அங்கே போகவேண்டாம். பிரியன்ஸ் ஏரிக்கு மேலே உள்ள ஹார்டர்கிராட் அதைவிட ஆபத்தானது. காய்ந்த கோடையிலேயே உயிர்களைப் பறித்த முகடு அது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு நவம்பரில் அங்கே போகக் கூடாது.

3. முந்தைய நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

போகலாமா வேண்டாமா என்ற முடிவை வீட்டில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து எடுப்பதே நல்லது. மேலே போய் நின்ற பிறகு, இவ்வளவு தூரம் வந்தோமே என்ற எண்ணம் தீர்ப்பைக் கெடுத்துவிடும்.

முதலில் கேபிள் கார். அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை பல இடங்களில் ரிவிசியோன், அதாவது பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். எந்தத் தேதி என்பது இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும். அந்தந்த மலை ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். கடைசி இறக்கம் எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், கோடையைவிட முன்னதாகவே இருக்கும். மலைக் குடில்களும் உணவகங்களும் இதே காலத்தில் மூடிக்கிடக்கும். மேலே போய்ச் சாப்பிடலாம் என்ற நம்பிக்கையில் கிளம்பவேண்டாம்.

அடுத்து வானிலை. சுவிஸ் வானிலை நிலையமான மீட்டியோஸ்விஸின் செயலியில் நான் தேடுவது மூன்று: பூச்சிய வெப்பநிலைக் கோடு (வெப்பம் பூச்சியம் பாகைக்கு இறங்கும் உயரம்) எத்தனை மீட்டரில், மூடுபனியின் மேல் எல்லை எத்தனை மீட்டரில், முகட்டில் காற்றின் வேகம் என்ன. பூச்சியக் கோட்டுக்குச் சுமார் முந்நூறு மீட்டர் கீழே வரை பனி விழும் என்று கணக்கு வைக்கலாம். காற்று இல்லாத உயர் அழுத்த நாட்களில் மூடுபனி 800 மீட்டர் அளவில் நின்றுவிடும். வடகிழக்கிலிருந்து பீசே காற்று அடித்தால் அது 1200, சில நேரம் 1500 மீட்டர் வரை ஏறும். அப்படிப்பட்ட நாளில் 1400 மீட்டரில் உள்ள இடத்துக்குப் போனால் சூரியன் கிடைக்காது, ஈரமும் குளிரும்தான் மிஞ்சும். தெற்கிலிருந்து ஃபோன் காற்று வந்தால் காட்சி துல்லியமாக இருக்கும், ஆனால் காற்று கேபிள் காரையே நிறுத்திவிடும் அளவுக்கு வீசும். முகட்டில் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் முகட்டு நடையை விட்டுவிடுங்கள். பூச்சியம் பாகை வெப்பத்தில் முப்பது கிலோமீட்டர் வேகக் காற்றே உடம்புக்கு மைனஸ் ஆறு, ஏழு பாகை போல உறைக்கும்.

அதன்பிறகு வெப்கேம். பெரும்பாலான மலை நிலையங்களில் முழு வட்டமாகச் சுற்றிக் காட்டும் கேமரா உண்டு. இன்றைய படத்தோடு நேற்று, முந்தாநாள் படங்களையும் பாருங்கள். பனி கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். வடக்குப் பக்கத்தையும் தெற்குப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை செயலி வைத்திருந்தாலும் வெப்கேம் தரும் செய்திதான் எனக்குக் கடைசி வார்த்தை.

நிறையப் பனி கொட்டிய வாரமானால், தாவோஸில் உள்ள எஸ்எல்எஃப் நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கையையும் பாருங்கள். குளிர்காலத்தில் அது தினமும் வரும், இலையுதிர் காலத்தில் தேவைப்படும்போது வெளியிடுவார்கள். வெளியிட்டிருக்கிறார்கள் என்றாலே கவனிக்கவேண்டிய செய்தி உண்டு என்று அர்த்தம். கடைசியாக, ஸ்விஸ்டோப்போ செயலியில் உங்கள் பாதையின் வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள். 30 பாகைக்கு மேல் சரிந்த இடங்களை நிறமிட்டுக் காட்டும் அடுக்கு அதில் இருக்கிறது. பாதை அந்த நிறத்துக்குள் போகிறதா என்று பார்த்துவிடலாம்.

4. நேரத்தை எப்படிக் கணக்கிடுவது

மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நேரம், சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடக்கும் ஒருவருக்கானது. ஓய்வு நேரம் அதில் சேராது. பனியில் பாதி நேரத்தைக் கூடுதலாகச் சேருங்கள். பிள்ளைகளோடு போனால், படம் எடுக்க நிற்கும் நேரத்தையும் சேர்த்து, இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் கோட்டைவிடுவது சூரியன் மறையும் நேரம். அக்டோபர் தொடக்கத்தில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். அதற்குப் பிறகு ஐந்தே கால் மணி வாக்கிலேயே சூரியன் மறையும், நவம்பர் நடுவில் ஐந்து மணிக்கும் முன்னதாகவே. நிழல் விழுந்த அடுத்த நிமிடமே மத்தியானம் உருகிய பனி மறுபடி உறையத் தொடங்கும். ஏறும்போது மென்மையாக இருந்த அதே பாதை இறங்கும்போது வழுக்கும். மத்தியானம் இரண்டரை மணிக்கு நீங்கள் எங்கே நின்றாலும் திரும்பி நடக்கத் தொடங்குங்கள். கேபிள் கார் இல்லாத நடை என்றால் இரண்டு மணிக்கே.

5. உடுப்பும் பையும்

சப்பாத்து கணுக்காலை மூடவேண்டும், தண்ணீர் புகக் கூடாது, அடிப்பாகம் ஆழமான பற்களோடு இருக்கவேண்டும். ஓட்டச் சப்பாத்து, ஸ்னீக்கர்ஸ் எதுவும் வேண்டாம். ஜீன்ஸும் பருத்தி டீசர்ட்டும் நனைந்தால் உடம்பில் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும், காயவும் காயாது. உள்ளே கம்பளி அல்லது விளையாட்டுத் துணி, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஏறும்போது நடு அடுக்கைக் கழற்றி, வியர்க்காத அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகட்டுக்குச் சற்று முன்னால், காற்று படாத இடத்தில் நின்று மறுபடி போடுங்கள். வியர்த்த உடம்போடு காற்றில் போய் நிற்பதுதான் பலரை நடுங்க வைக்கிறது. தொப்பியும் கையுறையும் கட்டாயம், கையுறை இரண்டு சோடி. பனியில் வெயில் எதிரொளித்துக் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடியும் சன் கிரீமும் வேண்டும். நம் தோலுக்கு வேண்டாம் என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். பனியில் மாநிறமும் கருகும்.

கணுக்காலைச் சுற்றிக் கட்டும் கமாஷன், பனி சப்பாத்துக்குள் விழாமல் காக்கும். மலிவான பொருள், டெக்கத்லோனில் கிடைக்கும். நடைக்கோல் இரண்டும் எடுத்துப்போங்கள், பனிக்கான அகலமான வட்டை மாட்டி. சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்புப் பற்களான ஸ்பைக்ஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மிதிபட்டு உறைந்த பாதையில் அது மிகவும் உதவும். ஆனால் ஈரப் புல்மேல் கிடக்கும் புதுப் பனியில் அதற்குப் பிடிப்பே கிடைக்காது, அடியில் பனி உருண்டையாக ஒட்டிக்கொண்டு இன்னும் வழுக்கும். ஸ்பைக்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் செங்குத்துச் சரிவுக்குப் போகாதீர்கள்.

பையில் தெர்மஸில் சூடான தேநீர், இஞ்சி தட்டிப் போட்டால் இன்னும் நல்லது. ரொட்டி, கட்லட் நல்ல துணை. புட்டும் இடியப்பமும் குளிரில் விறைத்துவிடும். எள்ளுருண்டையும் பேரீச்சம்பழமும் நடந்துகொண்டே சாப்பிட ஏற்றவை, உடனே தெம்பு தருபவை. இவற்றோடு தலையில் கட்டும் விளக்கு, அலுமினிய அவசரப் போர்வை, விசில், சின்ன மருந்துப் பெட்டி, உலர்ந்த காலுறை ஒரு சோடி. கைப்பேசியை வெளிப் பையில் வைக்கவேண்டாம், குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும். ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

6. மேலே நடக்கும்போது

முதல் பத்து நிமிடம் பாதையைச் சோதிக்கும் நேரம். நடைக்கோலைப் பாதையில் குத்திப் பாருங்கள். மண்ணில் இறங்குகிறதா, உறைந்த தளத்தில் மோதுகிறதா, புல்லில் சறுக்குகிறதா என்று கைக்குத் தெரியும். அதைப் பழகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாததைக் கோல் சொல்லிவிடும்.

பாறைகளில் தீட்டிய வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறிகள் பனியில் மறைந்துவிடும். முன்னால் போனவரின் கால்தடம் இருந்தால் அதையே பின்தொடரத் தோன்றும். அவர் வேட்டைக்காரராகவோ ஆட்டைத் தேடிப்போன விவசாயியாகவோ இருக்கலாம். தடம் எங்கே போனாலும் வரைபடத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவ்வப்போது பாருங்கள்.

மேய்ச்சல் காலம் முடிந்ததும் விவசாயிகள் மாட்டு வேலிகளைக் கீழே படுக்க வைத்துவிடுவார்கள், பனியின் பாரத்தில் உடையாமல் இருக்க. அந்தக் கம்பி பனிக்கு அடியில் கிடந்து காலைத் தடுக்கும். வேலிக் கம்பங்கள் வரிசையாகத் தெரியும் இடத்தில் காலைத் தூக்கி வைத்து நடங்கள்.

ஏறும்போது சின்னச் சின்ன அடியாக வைத்து, சப்பாத்தின் நுனியால் பனியை லேசாக உதைத்துப் படி செய்துகொள்ளுங்கள். இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்ப்பது எல்லோருக்கும் இயல்பாக வரும், அதுதான் விழ வைக்கும். முழங்காலை மடித்து, எடையைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்து, குதிகாலை அழுத்தி இறங்குங்கள். சரிவைக் குறுக்காகக் கடக்கும் இடத்தில் ஒவ்வொருவராகப் போங்கள், மேட்டுப்பக்கக் கையில் நடைக்கோலைக் குட்டையாக்கிப் பிடியுங்கள். அதன் வாரைக் கையிலிருந்து கழற்றிவிடுங்கள்.

காற்று பனியை முகட்டின் விளிம்புக்கு அப்பால் கூரை போல நீட்டி வைத்திருக்கும். மேலே நின்று பார்த்தால் அது தரை மாதிரிதான் தெரியும், அடியில் வெறும் காற்றுதான். படம் எடுக்க விளிம்புக்குப் போகிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இரண்டு, மூன்று மீட்டர் உள்ளே நின்றாலும் படத்தில் அதே மலைதான் வரும்.

7. எப்போது திரும்புவது

குழுவில் ஒருவருக்குப் பயம் வந்தாலும் திரும்பவேண்டும், அவர் யாராக இருந்தாலும் சரி. வடக்குப் பக்கத்தில் பாதை உறைந்திருந்தால், அடுத்த குறி கண்ணுக்குத் தெரியாத அளவு மேகம் சூழ்ந்தால், கணுக்காலுக்கு மேல் பனி வந்து சரிவும் செங்குத்தாக இருந்தால், அப்படியே திரும்புங்கள். ஏறிய இடத்தில் இறங்க முடியுமா என்று சந்தேகம் வந்தால் ஏறவே வேண்டாம், ஏனென்றால் பனியில் இறங்குவதுதான் கடினம். நம் குழுக்களில் பெரியவர்கள் சொன்னால் சின்னவர்கள் மறுக்கமாட்டார்கள். அதனால் மூத்தவர்தான் கிளம்பும்போதே, யாருக்குப் பயமாக இருந்தாலும் சொல்லலாம், யாரும் கோபப்படமாட்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

8. அவசரம் என்றால்

சுவிஸில் ரேகா வான் மீட்புப் படையின் எண் 1414. அவர்களுடைய செயலியில் கூப்பிட்டால் நீங்கள் நிற்கும் இடமும் சேர்ந்து போய்விடும். வலே மாநிலத்தில் மட்டும் 144-ஐ அழையுங்கள். அங்கே மீட்பை ஒருங்கிணைப்பது அந்த எண்தான், அதனால் அலெட்ச் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவேண்டும். எதுவும் நினைவில் இல்லையென்றால் 112. மொழி ஒரு தடையாக இருந்தால் பதறவேண்டாம். எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர், அங்கே வானிலை எப்படி என்ற நான்கைச் சொன்னால் போதும். ஆங்கிலத்திலும் சொல்லலாம்.

கைப்பேசிக்கு அலைவரிசை இல்லையென்றால் ஆல்ப்ஸில் வழக்கத்தில் உள்ள சைகை உண்டு. ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதுங்கள் அல்லது விளக்கை மின்னவையுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஆறு. யாராவது கேட்டால் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்கள். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கையையும் மேலே விரித்து நில்லுங்கள், உதவி வேண்டும் என்று அர்த்தம். ஒரு கை மேலே ஒரு கை கீழே என்றால் வேண்டாம் என்று அர்த்தம். விழுந்தவரை ஈரத் தரையில் படுக்க வைக்காமல் பைகளை அடியில் போட்டு, போர்வையால் சுற்றி, அவரோடு பேசிக்கொண்டே இருங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கிளம்பும்முன் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவைப்பது பழக்கமாகட்டும்.

9. வீட்டுக்கு வந்ததும்

ஈரச் சப்பாத்தை ஹீட்டர் பக்கத்தில் வைக்கவேண்டாம், தோலும் அடிப்பசையும் வெடித்துவிடும். உள்தட்டை வெளியே எடுத்து, சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அறை வெப்பத்தில் காயவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். ஸ்பைக்ஸைத் துடைத்துக் காயவையுங்கள், இல்லையென்றால் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும். பிறகு அடுத்த சனிக்கிழமைக்கான வெப்கேமைத் திறந்து பார்க்கலாம்.